ஒரு கிட்டார்காரரும் என் பாட்டு நோட்டும்

  நான் லூட்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை. சார் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், தோட்டத்தில் கத்தரி போட்டிருக்கிறார், காய்க்கவில்லை. விசாரித்தவர்களுக்கு எல்லாம் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

இன்றைய பதிவு நீளம். சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். ஒரு வெள்ளைக்கார கிட்டார்காரரைப் பற்றியது. "டீச்சருக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்" என்று சிரிக்காதீர்கள். உங்களில் பலர் முன்பு என்னிடம் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

பேரன் கிட்டார் கற்றுக்கொள்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் நிறுத்துகிற கொட்டகையில் கார் இல்லை, இசைத்தட்டுகள்தான் அடுக்கிவைத்திருக்கிறார். பேரன் அங்கேயே கிடப்பான். கூப்பிடப் போனால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுவார். அப்படிக் கேட்டதுதான் ரிச்சர்ட் தாம்ப்சனின் வாசிப்பு. முதல் தடவை கேட்டபோது, "இது என்னடா, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி ஒரே சுருதி அடியில் ஓடிக்கிட்டே இருக்கு?" என்று பேரனிடம் கேட்டேன். அவன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, பெரியவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அதுதான் விஷயமே என்றார்.

தாம்ப்சன் 1949 ஏப்ரல் 3 அன்று லண்டன் நாட்டிங் ஹில்லில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் போலீசில் துப்பறியும் பிரிவில் வேலை. அவரும் பொழுதுபோக்காகக் கிட்டார் வாசிப்பார். வீட்டில் ஸ்காட்லாந்து நடனப் பாட்டு, ஜாஸ், அக்காவின் ராக் அண்ட் ரோல் தட்டுகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்குமாம். ஸ்காட்லாந்தின் ஊதுபையில் ஒரு குழல் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்க, இன்னொரு குழலில் மெட்டு போகும். அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தவர் இவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மீட்டுவில்லையைப் பிடித்து அடிக்கம்பியை மீட்டுவார். அதே நேரத்தில் நடுவிரலும் மோதிரவிரலும் மேல்கம்பிகளில் மெட்டை எடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். பேரன் இரண்டு வாரமாக முயற்சி செய்கிறான். விரல் நுனி வீங்கியதுதான் மிச்சம்.

இன்னொன்று. சின்ன வயதில் தாம்ப்சனுக்குத் திக்குவாய். பேசவே கூச்சப்படுகிற பையன். இதைக் கேட்டதும் எனக்கு உங்களில் ஒருவன் ஞாபகம் வந்தான், பெயர் சொல்ல மாட்டேன். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்வதற்குள் அடுத்த நாலு பேர் முடிந்துவிடும். ஆனால் ஏற்றப்பாட்டு பாடச் சொன்னால் ஒரு எழுத்துகூடத் தட்டாமல் பாடுவான். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தபோது இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாம்ப்சன் கொஞ்ச காலம் வண்ணக் கண்ணாடி சன்னல் செய்கிற ஒரு கலைஞரிடம் வேலை பார்த்தார். சாயங்காலம் நண்பர்களோடு வாசிப்பு. வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்ற இடத்தில் 'ஃபேர்போர்ட்' என்று பெயர் வைத்த ஒரு வீடு, அவர்களில் சைமன் நிகோல் என்ற பையனின் வீடு. அங்கே கூடி வாசித்ததால் குழுவுக்கு 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்று பெயர். 1967 மே 27 அன்று ஒரு சர்ச் ஹாலில் முதல் கச்சேரி. கேட்க வந்தவர்களில் மார்ட்டின் லாம்பிள் என்ற பையன், கச்சேரி முடிந்ததும் நேரே வந்து, "உங்கள் டிரம்காரரைவிட நான் நன்றாக வாசிப்பேன்" என்றானாம். வாசித்துக் காட்டினான், சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலைப் பாருங்கள்.

(உள்ளூர்ச் செய்தி ஒன்று: லண்டன் ஹைகேட்டில் நம் முருகன் கோயில் இருக்கிறது. தாம்ப்சன் படித்த பள்ளி அந்தப் பக்கம்தான். மஸ்வெல் ஹில்லும் ஒன்றிரண்டு மைல்தான். போன கிருத்திகைக்குப் போனபோது இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் மருமகனைத் தொந்தரவு செய்து அந்த வீட்டையும் பார்த்திருப்பேன்.)

முதலில் இவர்கள் அமெரிக்கப் பாட்டுகளைத்தான் பாடினார்கள். 1968-இல் சாண்டி டென்னி என்ற பெண் பாடகி சேர்ந்தார். அவருக்கு இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புறப் பாட்டுகள் அத்துபடி. அவர் மூலமாகத்தான் இந்தப் பையன்களுக்குச் சொந்த மண்ணின் பாட்டில் காது திறந்தது. ஒரு பழைய கப்பல்காரன் பாட்டை எடுத்து, கிட்டாரும் டிரம்மும் வயலினும் போட்டு, ஒரே மூச்சில் 11 நிமிடம் வாசித்துப் பதிவு செய்தார்கள். அதில் மார்ட்டினின் டிரம்மைக் கவனியுங்கள். தாளம் தட்டுவது போலவே இருக்காது, அலை வந்து கரையில் மோதித் திரும்புகிற மாதிரி இருக்கும்.

1969 மே 12. பர்மிங்காமில் இரவுக் கச்சேரி முடித்து, எம்-1 நெடுஞ்சாலையில் வேனில் லண்டன் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை. ஓட்டியவர் கண்ணயர்ந்துவிட்டார். வேன் சாலையை விட்டுப் போய் உருண்டது. மார்ட்டின் இறந்துபோனான். வயது 19. தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் போய்விட்டார். அமெரிக்கப் பெண், பாடகர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவர். இருவரும் பழகி அதிக நாள் ஆகவில்லை. மற்றவர்களுக்குப் பலத்த காயம். சாண்டி வேறு வண்டியில் வந்ததால் தப்பினார். தாம்ப்சனுக்கு அப்போது 20 வயது.

பெரியவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பேரன் பின்னாலேயே வந்து, "அம்மாச்சி, என்னாச்சு?" என்றான். அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துச்சுடா என்றேன்.

1997 கோடை விடுமுறையில் சக ஆசிரியை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது, திரும்பும்போது எங்கள் வேன் புளியமரத்தில் மோதியது, நம் டிரில் சார் அங்கேயே இறந்துபோனது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பெரிய பிள்ளைகள் சுடுகாடு வரை வந்தீர்கள். எனக்கு இடது கை முறிந்தது. ஜூன் கடைசியில் கட்டோடு பள்ளிக்கு வந்தேன். பாடம் நடத்தினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாட்டு வகுப்பு மட்டும் இல்லை. "டீச்சர், பாட்டு?" என்று கேட்டீர்கள். கை சரியாகட்டும் என்றேன். கை சரியானது. பிறகு கணக்கில் எல்லோரும் பின்தங்கி இருக்கிறீர்கள், அந்தப் பீரியடிலும் கணக்கு என்றேன். ஓய்வு பெறும் வரை அதில் கணக்குதான் நடந்தது.

காரணம் தெரியாதவர்களுக்கும் இளையவர்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பாட்டு வகுப்பு என்னுடையது மட்டும் இல்லை. நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரிகூட, உங்கள் பாட்டிகளிடம் நீங்கள் கேட்டு வருவீர்கள், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன், டிரில் சார் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு நடை கண்டுபிடிப்பார். "டீச்சர், இதை இழுக்காதீங்க, நாத்து நடுறவங்க குனிஞ்சுக்கிட்டே பாடுற பாட்டு, மூச்சு வாங்கும், சின்னச் சின்னதா உடைங்க" என்பார். விசில் ஊதுகிற ஆளுக்கு எவ்வளவு நுணுக்கம்!

இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று. அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு விடிந்து கிளம்பலாம் என்றுதான் சார் சொன்னார். டிரைவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் இரவே போய்விடலாம் என்று அவசரப்படுத்தினேன். மறுநாள் காலை வீட்டில் கேஸ் சிலிண்டர் வருகிற நாள். அதற்காக. 27 வருடம் கழித்து எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஒரு சிலிண்டருக்காக.

இரண்டு நாள் கழித்து நானே கொட்டகைக்குப் போய், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். பிறகு, தொடர்வது, ஆனால் மார்ட்டினோடு வாசித்த பாட்டுகளை இனித் தொடுவதில்லை, புதிதாக ஏதாவது செய்வது என்று தீர்மானித்தார்கள். டேவ் மேட்டக்ஸ் என்ற டிரம்காரரும் டேவ் ஸ்வார்பிரிக் என்ற வயலின்காரரும் சேர்ந்தார்கள். அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில், வின்செஸ்டர் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள். காயம் ஆறாதவர்கள் ஆறவும், பழகாதவர்கள் பழகவும். குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகத்துக்குப் போய்ப் பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்து வந்தார்.

செசில் ஷார்ப் யார் தெரியுமா? பாட்டு வாத்தியார்! 1903-இல் சாமர்செட் பக்கம் ஒரு தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொண்டார். பிறகு கிராமம் கிராமமாகப் போய் ஆயிரக்கணக்கில் பாட்டுகளைச் சேகரித்தார். அதைக் கேட்டதும் என் பழைய நோட்டுதான் கண்முன் வந்தது. நீல அட்டை, பிரவுன் தாள் போட்டது.

அந்த வீட்டில் உருவான இசைத்தட்டின் பெயர் 'லீஜ் அண்ட் லீஃப்'. 1969 டிசம்பரில் வந்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாட்டை மின்சாரக் கிட்டாரோடு சேர்த்த 'ஃபோக் ராக்' என்ற வகைக்கு அதுதான் அஸ்திவாரம் என்கிறார்கள். 2006-இல் பிபிசி நேயர்கள் வாக்களித்து, அதிகத் தாக்கம் ஏற்படுத்திய நாட்டுப்புற இசைத்தட்டு என்று தேர்ந்தெடுத்தார்கள். அதில் தாம்ப்சனும் ஸ்வார்பிரிக்கும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு. பித்துப்பிடித்த ஒருவன் ஒரு காக்கையைக் கொன்றுவிடுகிறான். பிறகு பார்த்தால் அது அவன் காதலி. பெரியவர் வரி வரியாக விளக்கினார். ஒரு 20 வயதுப் பையன், விபத்து நடந்து சில மாதத்தில் இதை எழுதியிருக்கிறான். நான் இங்கே விளக்கம் எழுதப் போவதில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 ஜனவரியில் குழுவை விட்டு விலகினார். 1972-இல் தனியாகப் போட்ட முதல் தட்டின் அட்டையில் ஈ வேஷத்தில் நிற்பார். படுதோல்வி. கம்பெனி வெளியிட்டதிலேயே குறைவாக விற்றது அதுதான் என்று அவரே சிரிப்பாராம். அதே வருடம் லிண்டா என்ற பாடகியை மணந்தார். இருவரும் சேர்ந்து 1973-இல் பதிவு செய்த தட்டு, எண்ணெய் நெருக்கடியில் தட்டு அச்சிடப் பிளாஸ்டிக் கிடைக்காமல் 1974-இல்தான் வெளிவந்தது. இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிறகு இருவரும் சூஃபி வழியில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். சில வருடம் இசையை ஒதுக்கிவைத்தார்கள். இந்த இடத்தில் பெரியவரை நிறுத்தி, "எத்தனை வருடம்?" என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடம் என்றார். 1978-இல் திரும்பி வந்துவிட்டார்.

அந்த ஏப்ரலில்தான் சாண்டி டென்னி இறந்தார். மாடிப்படியில் விழுந்து அடிபட்டிருந்தார். 31 வயது.

லிண்டாவோடு கடைசித் தட்டு 1982-இல். அது வந்தபோது கல்யாணம் முறிந்துவிட்டது. இருந்தும் ஒத்துக்கொண்ட அமெரிக்கக் கச்சேரிகளுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். மேடையில் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள் என்றால் எப்படி இருந்திருக்கும்! எனக்கு லிண்டா மேல்தான் இரக்கம் அதிகம். தொண்டை இறுகிக் குரல் எழும்பாத ஒரு கோளாறால் பாடவே முடியாமல் போயிற்று. ஆனாலும் விடவில்லை. 2024-இல் தான் எழுதிய பாட்டுகளை மற்றவர்களைப் பாடவைத்து ஒரு தட்டு வெளியிட்டார். பிள்ளைகளும் அதில் பாடியிருக்கிறார்கள்.

தாம்ப்சன் பாட்டில் எதைக் கேட்பது என்று கேட்பவர்களுக்கு: 1991-இல் வந்த மோட்டார் சைக்கிள் பாட்டு. ஒரே கிட்டார், ஒரே ஆள். 1952-ஆம் வருட வின்சென்ட் பிளாக் லைட்னிங் என்ற வண்டி. அதை வைத்திருக்கும் ஒரு திருடன், சிவப்புக் கூந்தல் பெண் ஒருத்தி. அவன் சுடுபட்டுச் சாகும்போது வண்டிச் சாவியை அவள் கையில் கொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. நம் ஊர்த் திருவிழாவில் விற்கும் கொலைச்சிந்து புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அதே ஜாதி. டைம் பத்திரிகையின் சிறந்த நூறு பாட்டுகள் பட்டியலில் இதுவும் உண்டு.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1999-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, ஆயிரம் ஆண்டுகளின் சிறந்த பாட்டுகளைச் சொல்லுங்கள் என்று பலரிடமும் கேட்டது. அவர்கள் எதிர்பார்த்தது கடைசி ஐம்பது வருடப் பாட்டுகளை. இவர் ஆயிரம் என்றால் ஆயிரம்தான் என்று பழைய காலத்திலிருந்து தொடங்கிப் பட்டியல் அனுப்பினார். அவர்கள் போடவில்லை. இவர் அதையே கச்சேரியாக்கிவிட்டார். 13-ஆம் நூற்றாண்டுப் பாட்டில் தொடங்கி பிரிட்னி ஸ்பியர்ஸ் வரை! கேள்வித்தாளை ஒழுங்காகப் படித்துப் பதில் எழுதும் மாணவனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

2011-இல் அரசு விருது கொடுத்தது. 2021-இல் தன் இளமைக் காலத்தைப் புத்தகமாக எழுதினார். அந்த விபத்தையும் எழுதியிருக்கிறார். 50 வருடம் கழித்து. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிராப்ரெடி என்ற கிராமத்தில் ஆகஸ்ட் மாதம் பழைய குழுவின் திருவிழா நடக்கும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடி முடிப்பார்கள். விபத்துக்கு முன்பே, 1968-இல் தாம்ப்சன் எழுதி, மார்ட்டின் டிரம் வாசித்த பாட்டு. பெரியவர் அதைப் போட்டுக் காட்டினார். வயலில் நின்றுகொண்டு வயதானவர்கள் எல்லாம் வாய்விட்டுப் பாடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஹைகேட் கோயிலுக்குப் போனோம். எம்-1 சாலையில் லண்டன் நெருங்கும்போது ஒரு வண்டி நிறுத்தம் வரும். அந்தப் பக்கத்தில்தான் அது நடந்தது. மருமகனிடம் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். எல்லோரும் டீ குடித்தார்கள். நான் வண்டியிலிருந்தே டிரில் சார் மகளுக்குப் போன் போட்டேன். அவளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள், அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். சிலிண்டர் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "டீச்சர், அப்பாவுக்கு அன்னிக்குக் கல்யாணத்துக்குப் போகவே மனசில்லை. அம்மாதான் மொய் வைக்கணும், போயிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றாள்.

அந்த அம்மாவைப் பதினைந்து வருடம் அதே தெருவில் பார்த்திருக்கிறேன். கருவேப்பிலை வாங்கியிருக்கிறேன், பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

டோலக் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதாம். தோல் கிழிந்துவிட்டது, கட்டை நன்றாக இருக்கிறது என்றாள். நான் ஊருக்கு வந்ததும் தோல் மாற்றிவைக்கச் சொல்லியிருக்கிறேன், செலவு என்னுடையது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டு நோட்டை 1997-இல் பள்ளி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் ஓய்வு பெறும்போது அது அங்கே இல்லை. யாராவது எடுத்திருந்தால் திட்ட மாட்டேன், சத்தியம். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நோட்டு கிடைக்காவிட்டால், உங்கள் பாட்டியின் பாட்டில் ஞாபகம் இருக்கிற வரியை எழுதாமல் குரலாகவே பதிந்து அனுப்புங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. நடவுப்பாட்டில் மூன்றாவது அடி எனக்கு மறந்துவிட்டது. பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்